21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்பா? வானிலை ஆய்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

புவி அறிவியல் அமைச்சகத்துல இருக்கவங்களுக்கும் இந்திய வானிலை ஆய்வுத் துறைல இருக்கவங்களுக்கும் வணக்கம்.

நான் விஞ்ஞானி கிடையாது, வெதர்மேனும் கிடையாது. திருச்செந்தூர் பக்கத்துல ஒரு சாதாரண ஆளு, ஐப்பசி பொறந்தா பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி சேட்டிலைட் படத்த பாக்குற கோஷ்டி, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கெழமை. மொட்டமாடில வெள்ளையடிச்ச மிச்சமா ஒரு பெயிண்ட் பக்கெட் கெடந்துச்சு, ஒண்ணேகால் அடி உயரம் இருக்கும். சாயங்காலம் போய் பாத்தா விளிம்பு வரைக்கும் தண்ணி. கவுத்திட்டு எறங்கிட்டேன். ராத்திரி கரண்ட் போச்சு, மாடில தண்ணி போற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாக்க டார்ச்ச எடுத்துட்டு ஏறுனா மறுபடியும் விளிம்பு வரைக்கும். அதையும் கவுத்தினேன். விடிஞ்சு போனா திரும்பவும் பாதி பக்கெட். எங்க ஆச்சி 92 வெள்ளத்த பாத்தவ, "அது ஆத்துல வந்த தண்ணி, இது என்னல மேல இருந்து ஆறே விழுது"ன்னா. மறுநாள் உங்க கணக்கு வந்துச்சு, காயல்பட்டினத்துல காலைல எட்டரைல இருந்து மறுநாள் எட்டரை வரைக்கும் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. என் பக்கெட்டுக்கு ரெண்டரை தடவைன்னா அதுவும் கிட்டத்தட்ட 95 தான், சும்மா சொல்லல, ஸ்கேல் வச்சு அளந்து பாத்தேன்.

உங்க மேல பழி போட இத எழுதல. எச்சரிக்கை வந்துச்சு, ரெட் அலர்ட்டும் வந்துச்சு, பாத்துட்டு அசால்ட்டா இருந்தது நான்தான். முன்னாடியே சொன்னோம், சொல்லலன்னு மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த சண்டைக்குள்ளயும் நான் போகல. ஆனா நான் ஏன் அசால்ட்டா இருந்தேன்னு ரொம்ப நாள் யோசிச்சேன், அதத்தான் உங்ககிட்ட சொல்லணும்.

உங்க அளவுகோல்ல 6.45 சென்டிமீட்டர் தாண்டுனா கனமழை, 11.56-ல இருந்து மிக கனமழை, 20.44-ஐ தாண்டிட்டா அதி கனமழை. அதோட முடிஞ்சுது, அதுக்கு மேல படியே இல்ல. அப்போ 21 பெஞ்சாலும் அதி கனமழை, 95 பெஞ்சாலும் அதி கனமழை. 21 பெஞ்சா எங்க தெருவுல முட்டளவு தண்ணி நிக்கும், புள்ளைங்க கப்பல் விடும். 95 பெஞ்சப்ப என்ன ஆச்சு, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னு சுமார் 800 பேர் நாலு பக்கமும் தண்ணில மாட்டுனாங்க, தண்டவாளத்துக்கு அடில இருந்த மண்ணே அரிச்சுட்டு போயிடுச்சு. இந்த ரெண்டுக்கும் ஒரே வார்த்தை ஒரே கலர்னா ஜனங்க எந்த 'சிவப்பு'க்கு பயப்படணும்? முன்னாடி பாத்த சிவப்பு எதுவோ அதத்தான நெனச்சுப்பாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன்.

இன்னொன்னு, உங்க அறிவிப்புல வர்ற இந்த "ஓரிரு இடங்களில்". நாங்க அத படிச்சா ஒரு ஊரு, ரெண்டு ஊருன்னுதான் எடுத்துக்குறோம், வேற எப்படி எடுத்துக்க முடியும், ஓரிருன்னா ஒண்ணு ரெண்டுதான. ஆனா உங்க அகராதில அதுக்கு அர்த்தம் மழைமானி இருக்க இடங்கள்ல 25 சதவீதம் வரைக்கும். நாலுல ஒரு பங்கு! இது தெரிஞ்ச அன்னிக்கு எனக்கு தூக்கி வாரி போட்டுச்சு, இத்தன வருஷமா தப்பா படிச்சிருக்கேன். எங்க தெருவுல கேட்டுப் பாத்தேன், ஒருத்தருக்கும் தெரியல.

அப்புறம் பேர். எங்க மழைக்கு ரெண்டு வாரம் முன்னாடி சென்னைய ஒரு வழி பண்ணுன மழைக்கு மிக்ஜாம் புயல்னு பேர் இருந்துச்சு, நாடே பாத்துச்சு. எங்களுக்கு வந்தது புயலும் இல்ல, தாழ்வு மண்டலம்கூட இல்ல, குமரிக்கடல் மேல வளிமண்டல சுழற்சி, அதாவது வானத்துல காத்து சுத்துறது, அவ்வளவுதான். சுழற்சின்னா யாரு பயப்படுவா சொல்லுங்க. 2024-ல ஃபெஞ்சல் புயல் கரைய கடந்து வலுவிழந்துடுச்சுன்னு எல்லாரும் மூச்சு விட்ட பிறகுதான் கடல்ல இருந்து அவ்வளவு தூரம் உள்ள தள்ளி இருக்க ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் ஊத்துச்சு. காத்து வேகத்த வச்சு பேர் வைக்கிறீங்க, எங்கள கொல்றது தண்ணி.

"ஒரு ஊருக்கு 95 வரும்னு எந்த மாடலும் (வானிலைய கணிக்கிற கம்ப்யூட்டர் கணக்கு) முன்னாடியே சொல்லாது தம்பி"ன்னு நீங்க சொல்லுவீங்க. ஒத்துக்குறேன். கலர்ங்கறது மழை அளவுக்கு மட்டும் இல்ல, பாதிப்புக்கும் சேத்துத்தான் கொடுக்குறோம்னும் சொல்லுவீங்க, அதுவும் சரி. ஆனா ஒரே மாடல ஆரம்ப நிலைய லேசா மாத்தி மாத்தி பல தடவ ஓட்டிப் பாக்குறீங்கள்ல, அதுல ரொம்ப மோசமா போன ஓட்டம் எதுன்னு உங்களுக்கு தெரியும்ல. "20-க்கு மேல பெய்யும், மோசமா போனா 50-ஐயும் தாண்ட வாய்ப்பு இருக்கு, அந்த வாய்ப்பு இவ்வளவு"ன்னு ஒரே ஒரு வரி சேருங்க. வராம போனா கிண்டல் பண்ணுவோம்தான், மீம் போடுவோம்தான், அத தாங்கிக்கோங்க.

வசதி இல்லன்னும் சொல்ல முடியாது. வானிலை கணிப்ப மேம்படுத்துற மத்திய அரசு திட்டமான மிஷன் மௌசமுக்கு 2000 கோடி ஒதுக்குனாங்க, புனேல அர்கா, நொய்டால அருணிகான்னு சூப்பர் கம்ப்யூட்டர் வந்துச்சு, 2025 மே மாசம் பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்ங்கற புது கணிப்பு மாடல் வந்து, கணிக்கிறதுக்காக நிலத்த பிரிச்சு வைக்கிற 12 கிலோமீட்டர் கட்டம் 6 கிலோமீட்டராச்சு. உண்மையிலயே பெருமையா இருக்கு. ஆனா 6 கிலோமீட்டர் கட்டத்துல கண்டுபிடிச்சத கடைசில பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு நாலு கலர்ல அடைச்சுத்தான எங்ககிட்ட கொடுக்குறீங்க.

இதுல எனக்கு புரியாத விஷயம் ஒண்ணு. 1951-ல இருந்து 2015-க்குள்ள இந்தியப் பெருங்கடலோட வெப்பமண்டல பகுதி சராசரியா 1 டிகிரி சூடாயிருக்குன்னு 2020-ல அறிக்கை போட்டது உங்க அமைச்சகம்தான். காத்து 1 டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்த புடிச்சு வைக்கும்ங்கறது எங்கள விட உங்களுக்கு நல்லா தெரியும். பெருமழை கூடும்னு உங்க ஆராய்ச்சி பிரிவே சொல்லுது, அறிவிப்பு பிரிவு இன்னும் 20.44-லயே நிக்குது. ரெண்டு பேரும் ஒரே அமைச்சகம்தான, ஒரு டீ குடிச்சுட்டே பேசக்கூடாதா?

கூடவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பெரிய மழை முடிஞ்சதும் ஒரு மாசத்துக்குள்ள தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதி போடுங்க, என்னிக்கு என்ன சொன்னோம், என்ன பெஞ்சுது, எங்க தவறவிட்டோம், ஏன்னு. தப்பு விட்டத சொன்னா மரியாதை போயிடும்னு நெனைக்காதீங்க, நாங்க மறைக்கிறவங்களத்தான் நம்ப மாட்டோம். எங்க பஞ்சாயத்துல, ஸ்கூல்ல, படகு கரைல அத சத்தமா வாசிச்சுக் காட்ட ஆளு இருக்கு, தேவைப்பட்டா நானே வாசிக்கிறேன்.

அந்த பக்கெட் இன்னும் மாடிலதான் இருக்கு. உள்பக்கம் மார்க்கர்ல சென்டிமீட்டர் கோடு போட்டு வச்சிருக்கேன், 6-க்கு மேல மஞ்சள், 11-க்கு மேல ஆரஞ்சு, 20-ல சிவப்பு. அதுக்கு மேல விளிம்பு வரைக்கும் எந்த கலர் அடிக்கன்னு தெரியல, அடுத்த பருவமழைக்குள்ள சொல்லுங்க, அடிச்சுடுறேன்.

இப்படிக்கு,
திருச்செந்தூர் பக்கத்துல இருந்து ஒருத்தன்