சங்குப் பூவைக் கோழித் தீவனத்துக்கு அனுப்பாதீர்கள்

மீன்வளத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிற குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். சங்குப் படுகைகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன பிப்ரவரி கடைசியில் ஒருநாள் காலை, கரைக்கு வந்த விசைப்படகிலிருந்து சங்காயத்தை, அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீனை, கூடை கூடையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கோழித் தீவனத்துக்குப் போகிற அந்தக் குவியலுக்குள் சங்குப் பூ, அதாவது சங்கின் முட்டைக்கூடு. நான் எண்ணியதே 17. கிடா கொம்பு மாதிரி முறுக்கி, அறை அறையாக அடுக்கியிருக்கும் அந்த முட்டைக்கூட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றை எடுத்து ஓர் அறையைக் கிழித்தேன். உள்ளே ஓட்டோடும் சுழியோடும் முழுச் சங்காகவே குஞ்சுகள், விரல் நுனியில் நிற்கிற அளவு. ஒன்று இன்னும் அசைந்தது. தண்ணீரில் விட்டேன், பிழைத்திருக்காது.

இறாலும் முத்துச்சிப்பியும் குஞ்சாக இருக்கையில் நீரோட்டத்தோடு மிதந்து எங்கிருந்தோ வந்து சேரும். சங்குக்கு அந்த மிதக்கிற பருவமே கிடையாது, வளர்வதெல்லாம் கூட்டுக்குள்தான், வெளியே வந்ததும் தாய் கிடந்த அதே மணலில் ஊர்ந்து புழுவைத் தேடித் தின்னத் தொடங்கிவிடும். ஆக, ஒரு படுகையில் பூவை அரித்து எடுத்துவிட்டால் அங்கே வேறெங்கிருந்தும் குஞ்சு மிதந்து வராது.

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சங்கு பூ வைப்பதோ பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தடை தொடங்குவதற்குள் பூவெல்லாம் விசைப்படகின் மடியில், அதாவது வலையில், ஏறிவிடுகிறது. அந்த மூன்று மாதமும் சங்குப் படுகைகளில் இழுவை மடி போடுவதை நிறுத்துங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். கையில் கொண்டுபோன பூவைப் பார்த்து, மனு வாங்கியவர் "இதென்ன, பாசியா?" என்று கேட்டார். நாங்கள் சின்னச் சங்கு ஒன்றை எடுத்தால் எங்களைப் பிடிக்கத் தெரிகிறது, அதன் முட்டை எப்படியிருக்கும் என்று தெரியவில்லை. மூச்சடக்கி இறங்கிய என் அப்பா, பூ நிற்கிற இடத்தில் காலைக்கூட ஊன்றமாட்டார். அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை.

சரி, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருகிற ஜனவரிக்குள் ஜனவரி முதல் மார்ச் வரை படுகைகளை மூட உத்தரவிடுங்கள், ஐயா. மடியில் ஏறும் பூவை அங்கேயே கடலில் விடவும் சொல்லுங்கள். படுகைகள் எங்கெங்கே என்று காட்ட எங்கள் படகிலேயே உங்களைக் கூட்டிப்போகிறோம்.