பத்தமடை பாய்க்கடையிலருந்து ஒரு அவசர மடல்: பாஸ்வேர்ட மாத்திருங்க

அண்ணாச்சி, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் நம்மகிட்ட கல்யாணப் பாய் சொல்லியிருந்த ஒரு அக்காவுக்கு ஒருத்தன் போன் போட்டிருக்கான். பொண்ணு பேரு, மாப்ள பேரு, முகூர்த்தத் தேதி, வீட்டு அட்ரஸ் எல்லாத்தையும் அச்சு மாறாம சொல்லி, பாய்ல பேர தப்பா நெய்ஞ்சிட்டோம், பணத்த திருப்பிப் போடுதோம், மெசேஜ்ல வந்த ஓடிபிய சொல்லுங்கன்னு கேட்டிருக்கான். அக்கா சுதாரிச்சு போன வச்சுட்டு நம்மள கூப்பிட்டாவ. நான் அப்போ தறி பக்கத்துலதான் நிக்கேன், அந்தப் பாய்ல மாப்ள பேர்ல மொத ரெண்டு எழுத்துதான் விழுந்திருந்துச்சு.

விசாரிச்சா, ஆன்லைன் ஆர்டர் எடுக்க நாங்க மாச வாடகைக்கு வச்சிருந்த தளத்துலருந்து டேட்டா களவு போயிருக்கு. உங்க பேரு, போன் நம்பர், அட்ரஸ், மெயில் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் அதுல உண்டு. கார்டு நம்பர் கெடையாது, பணம் கட்டுத பக்கம் வேற கம்பெனியோடது. பாஸ்வேர்ட அப்படியே வைக்காம உருமாத்தித்தான் வச்சிருந்தோம்னு அந்தத் தளத்துக்காரவ சொல்லுதாவ, ஆனா 123456 மாதிரி லேசான பாஸ்வேர்ட கண்டுபிடிக்க கம்ப்யூட்டருக்கு ரொம்ப நேரம் ஆகாது. நீங்க எங்க கடைய நம்பித்தான் குடுத்தீங்க, அதனால மன்னிப்பு கேக்க வேண்டியது நாங்கதான், கேக்கோம்.

பாய்க்கடை பாஸ்வேர்டுதானேன்னு விட்ராதீங்க. அதே மெயிலையும் அதே பாஸ்வேர்டையும் களவாணிப் பயலுவ ஜிமெயில், பேஸ்புக், ஷாப்பிங் ஆப்னு ஒவ்வொண்ணுலயா போட்டுப் பாப்பானுவ, எங்கயாவது ஒண்ணு தொறந்தா போதும். பழசாயிட்டா போயிரும்னும் நெனைக்காதீங்க, வேலை, தொழில் தொடர்புக்கான லிங்க்ட்இன் தளத்துல 2012ல களவு போனதுல 11.7 கோடி பேரோட மெயிலும் பாஸ்வேர்டும் 2016லதான் விலைக்கு வந்துச்சு.

மொதல்ல மெயில் பாஸ்வேர்ட மாத்துங்க, ஏன்னா மத்த எல்லாத்துக்கும் ரீசெட் லிங்க் அங்கதான வருது. மாத்துனதோட நிறுத்தாம, செட்டிங்ஸ்ல உங்களுக்குத் தெரியாத போன் எதுவும் லாகின்ல இருக்கா, ரெக்கவரி நம்பர் உங்க நம்பர்தானா, உங்க மெயில் வேற யாருக்காவது பார்வர்டு ஆகுதான்னும் பாருங்க, இதை முக்கால்வாசிப் பேரு பாக்கவே மாட்டாவ. அப்புறம் டூ ஸ்டெப் வெரிபிகேஷன், அதாவது உள்ள போக ரெண்டாவதா ஒரு சரிபார்ப்பும் கேக்குதது, அத போட்டுருங்க, வாட்ஸ்அப்லயும்தான். இதே பாஸ்வேர்ட வேற எங்கெல்லாம் வச்சிருக்கீங்களோ அங்கயும் மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வைங்க, ஞாபகம் இருக்காதுன்னா நோட்டுல எழுதி பீரோவுல வச்சாலும் எனக்கு சம்மதம்தான்.

பணம் வாங்குததுக்கு யூபிஐ பின் போட வேண்டாம், ஓடிபியும் சொல்ல வேண்டாம். ஒருவேள பணம் போயிட்டா யோசிக்காம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, பேங்க்லயும் சொல்லுங்க, லேட்டாக லேட்டாக பணம் அக்கவுண்ட் அக்கவுண்டா மாறிப் போயிரும்.

அந்தத் தளத்த நாங்க நிறுத்தியாச்சு. இனிமே ஆர்டர நேர்லயோ பில்லுல இருக்க நம்பர்லயோ சொல்லுங்க. பேரு சரிபாக்கணும்னா, தறியில இருக்க உங்க பாய போட்டோ எடுத்து அந்த நம்பர்லருந்து அனுப்பிட்டுத்தான் நாங்க கூப்பிடுவோம்.