பாலை மரத்துக்கு எந்தப் பல்?

திருகோணமலை

அன்பின் மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகள் வேலைக்குச் சேர்ந்த செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தச் சின்னப் பெட்டையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சந்தோஷப்பட்டா. கச்சான் காற்று பிடித்துவிட்டது. பத்து மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. மரக் குற்றிகளின் வெட்டுமுகம் வெடிக்காமல் இருக்கப் பழைய பெயின்ட் பூசி, கிடுகால் மூடி வைத்திருக்கிறேன்.

மாரிகாலத்தில் உறைந்த மரத்தை அரிய உங்கள் மரம் அரியும் மில்லில் 4 பாகை ஹூக் (பல்லின் முன்சாய்வு) உள்ள பட்டைவாள் பிளேட் போடுவதாக எழுதியிருந்தாய். ஒன்டாரியோவில் உறைந்த பைனுக்குப் போடுகிற பல்லைத்தான் இங்கே காய்ந்த பாலை மரத்துக்கும் தேட வேண்டியிருக்கிறது என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வைரமான மரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4 போடலாமா என்று கேட்டிருந்தாய். போடக்கூடாது என்பதுதான் என் எண்ணம். எஞ்சினைப் பார்க்காமல் பல்லைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

பல்லின் முகம் எவ்வளவு முன்னுக்குச் சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அது தானாகவே மரத்துக்குள் இறங்கும். 10 பாகையில் நன்றாக இழுத்துக் கடிக்கும். அல்பீசியா, பச்சை வேம்பு போன்ற இலகுவாக அரியும் மரங்களில் எஞ்சினுக்கு வேலையே இல்லை. அதே பல்லைப் பாலையில் விட்டுப் பார். கணு வந்ததும் பிளேட் கீழே முழுகும், பிறகு மேலே ஏறும். பலகையின் மேல் நூல் பிடித்துப் பார்த்தால் அலை தெரியும். பல்முனையின் கனத்தையும் கணக்குப் பார்க்கலாம். பல்லின் முதுகுப் பக்கச் சாய்வு, அதாவது பின்சாய்வு, 30 பாகை என்று வை. ஹூக் 10 என்றால் 90 பாகையில் முனைக்கு மிஞ்சுவது 50 பாகை. 4 என்றால் 56. அந்த ஆறு பாகை உலோகம்தான் கணுவில் அடிபடும்போது முனையைக் காப்பாற்றுகிறது.

அப்படியென்றால் 4 தானே நல்லது என்பாய். 4 பாகைப் பல் தானாக இழுக்காது, நாங்கள்தான் தள்ள வேண்டும். அதற்கு வலு வேண்டும். உங்களுடையது பெரிய எஞ்சின், தடித்த பிளேட், சமாளிக்கும். எங்களுடையது 20 குதிரைவலுவுக்கும் குறைந்த பெற்றோல் எஞ்சின். அகலமான பாலைக் குற்றியில் 4 போட்டால் எஞ்சின் திணறும். திணறுகிறதே என்று மெதுவாகத் தள்ளினால் பல் வெட்டாமல் உரசும். தூள் மாவாக விழும், பிளேட் சூடேறும், கூர் போய்விடும். கொழும்பில் பிளேட் விற்றவர் எல்லா மரத்துக்கும் 10 போதும் என்றார். அந்தப் பேச்சிலும் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் மில்லுக்கு 7 தான் சரி. பாலை, புளி, முதிரை மூன்றுக்கும் இப்போது அதுதான் ஓடுகிறது. முதிரை அரியும்போது மஞ்சள் தூள் பறக்கும், வாசமும் வரும். ஆனால் அந்தத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும் என்பதால் பெடியன்களை நீளக்கைச் சட்டை போடச் சொல்லியிருக்கிறேன்.

சவண்டலை மரம் வேறு மாதிரி. கனமான மரம்தான், ஆனால் நார் நேராக ஓடும். 10 பாகையிலும் அழகாகப் போகும். மதராஸ் கரையில் அலையைத் தாண்டி ஓடிய மசூலாப் படகுகளை அந்தக் காலத்தில் இந்த மரத்திலும் கட்டினார்கள். அங்கே அதற்குப் பெயரே திருகோணமலை மரம். இப்போது அனுமதிப்பத்திரத்தோடு எப்போதாவது ஒரு குற்றி வரும். வந்தால் அதை நானேதான் அரிவேன், வேறு யாரிடமும் விடமாட்டேன்.

பல் விரிப்பையும், அதாவது பற்களை இரு பக்கமும் வளைத்து வைக்கும் அளவையும், மறந்துவிடாதே. காய்ந்த வைர மரத்துக்கு ஒரு பக்கத்துக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 18 முதல் 20 பங்கு போதும். பச்சையான மெதுமரத்துக்குத்தான் 25 அளவில் வைக்க வேண்டும்.

கையிலிருக்கும் 10 பாகைப் பிளேட்டை 7 ஆக மாற்ற நினைத்தால் ஒரே தரத்தில் செய்யாதே. சாணைக் கோணத்தை ஒவ்வொரு தரமும் ஒரு பாகை மட்டும் குறைத்து, மெல்லியதாகத் தீட்டு. அவசரப்பட்டு அழுத்தினால் பல்முனை நீலம் பாயும். அந்த நிறத்தைக் கண்டால் அந்தப் பல்லின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பல்லுக்கிடைக் குழியையும் சேர்த்துத் தீட்டு, வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும். இன்னொன்று, சாணைக்கல்லின் விளிம்பு உருண்டு போனால் மெஷினில் 7 என்று வைத்தாலும் பல்லில் 7 வராது. ஒவ்வொரு பிளேட்டுக்கும் முன்னர் கல்லைச் சீவிச் சமப்படுத்து. தீட்டி முடித்ததும் ஒரு பல்லில் பாகைமானியை வைத்துப் பார். எனக்கு இதில் சமரசமே கிடையாது. மழுங்கிய 4ஐ விடக் கூரான 10 நேராக வெட்டும்.

பிளேட்டில் மரப்பால் பிடிக்காமல் இருக்க நான் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து சொட்ட விடுகிறேன். உங்கள் குளிரில் வெறும் தண்ணீர் உறைந்துவிடுமே, காருக்கு ஊற்றுகிற கண்ணாடித் திரவமா விடுகிறீர்கள்? அதை எழுது. நீங்கள் போடும் 4 பாகைப் பிளேட்டின் தடிப்பையும், பல்லுக்குப் பல் இடைவெளியையும் அளந்து எழுது. பெரிய எஞ்சின் வாங்குவது பற்றித் தம்பியோடு கதைத்துக்கொண்டிருக்கிறேன். வாங்கினால் முதலில் அந்த அளவில்தான் பாலையை அரிந்து பார்ப்பேன்.

அன்புடன்,
உன் மச்சான்