பட்டனை அமுக்கினால் பல் வந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். அச்சில் சாந்து ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, உலோகம் வார்த்துப் பழகியவர்கள் நாங்கள். இப்போது ஸ்கேனர் வாய்க்குள்ளேயே அளவெடுக்கிறது; கணினியில் வடிவமைத்தால் இயந்திரம் சேர்கோனியா என்னும் உறுதியான பீங்கான் வகையைப் பல்லாகக் கடைந்து தருகிறது.

"இனி நீங்கள் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். ஆனால் பட்டனை அமுக்கியதோடு வேலை முடிவதில்லை. சேர்கோனியாப் பல்லை 20 முதல் 25 வீதம் பெரிதாகவே கடைய வேண்டும். சுமார் 1,500 பாகை செல்சியஸ் சூட்டில் சூளையில் வெந்த பிறகுதான் சுருங்கி அளவுக்கு வரும். வெற்றிலை போடும் ஐயாவின் பக்கத்துப் பல்லுக்கு நிறம் பொருத்த, கடி சரியா என்று பார்க்க, இன்னும் கண்ணும் கையும்தான் வேண்டும். முழுப் பல்செட் என்றால் சொல்லவே வேண்டாம், மெழுகும் அக்ரிலிக்கும்தான் இன்னும் எங்களுக்குச் சோறு போடுகின்றன.

எங்கள் கவலை வேறு. ஸ்கேனர் எடுத்த அளவு கணினிக் கோப்பாக இணையத்தில் போகும்போது வேலையும் கொழும்புக்கோ கடல் கடந்தோ போய்விடும். கடையும் இயந்திரத்தைச் சிறிய கூடங்கள் தனித்தனியே வாங்க முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைக் கூடங்கள் கூட்டாக ஒன்றை வாங்கக் கடன் வசதியும், வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழில் பயிற்சியும் கிடைக்க உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும்.

பல் தொழில்நுட்பவியலாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.