நான்கு விரற்கடை தூரம்: ஆஸ்திரேலியா போகும் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகும் பெற்றோருக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுத்தால், மறுநாளே ஒரு கேள்வி வருகிறது. "ஊருக்கு ஊர் விமானமா? அங்கே ரயிலே ஓடவில்லையா?" கமிஷனுக்காக நாங்கள் விமானத்தைத் திணிக்கிறோம் என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. ஒவ்வொருவரிடமும் சொல்லி வந்ததை இங்கே எழுதிவிடுகிறோம்.

எங்கள் கடைச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்குகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதில் சிட்னிக்கும் பெர்த்துக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்தார். "நான்கு விரற்கடைதானே, ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம்" என்றார். அந்த நான்கு விரற்கடை, ரயில் பாதையில் 4,352 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய், இறங்காமல் அப்படியே திரும்பி வருவதற்குச் சமம். மூன்று இரவு வண்டியிலேயே கழியும். நல்லார்பார் சமவெளியில் மட்டும் 478 கிலோமீட்டர் பாதையில் ஒரு வளைவுகூடக் கிடையாது. 'இந்தியன் பசிபிக்' என்ற அந்த வண்டி சுற்றுலாவுக்கானது. சாப்பாடு, ஒயின் எல்லாம் சேர்த்துத்தான் கட்டணம். விமான டிக்கெட்டைவிடப் பல மடங்கு அதிகம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தால் மறுக்காமல் போய்வாருங்கள். ஊர் போய்ச் சேருவதற்கு அது வழியல்ல.

சிட்னி–மெல்போர்ன் ரயில் பரவாயில்லை. ஆனாலும் 11 மணி நேரம். விமானத்தில் ஒன்றரை மணி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மாகாணமும் தன் இஷ்டத்துக்கு ஓர் அகலத்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டது. 1962 வரை இந்த இரண்டு நகரங்களுக்கு நடுவே ஆல்பரி என்ற ஊரில் மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டியிருந்தது.

விமானத்திலும் கவனம் தேவை. இங்கிருந்து போகும்போது கிடைக்கும் பெட்டி எடை, உள்நாட்டு மலிவு விமானத்தில் கிடைக்காது. பெரும்பாலும் கைப்பை 7 கிலோ மட்டுமே. முறுக்கு டப்பாவும் ஊறுகாயும் நிறைந்த பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுங்கள். விமான நிலையத்தில் கட்டினால் கை சுடும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விலை குறைவு என்று ஒரு தம்பதிக்கு மெல்போர்ன் டிக்கெட் போட்டோம். விமானம் இறங்கியது அவலான் விமான நிலையத்தில். மகன் மாலையும் கையுமாகக் காத்திருந்தது மெல்போர்னின் முக்கிய விமான நிலையமான டல்லமரைனில். நகரத்திலிருந்து அவலான் 50 கிலோமீட்டருக்கு மேல். அன்றிலிருந்து எந்த நிலையம் என்பதைத் திட்டத்தில் தடித்த எழுத்தில் போடுகிறோம். உலுரு பாறையைப் பார்க்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனால் போதும் என்று நினைப்பவர்களும் கவனிக்க: அங்கிருந்து சாலையில் இன்னும் 450 கிலோமீட்டர் போக வேண்டும்.

கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. நம்மைப் போலவே இடப்பக்கம்தான். இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே வாங்கிய ஓட்டுநர் உரிமமும் கையில் இருக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: நகரத்தைத் தாண்டிய சாலைகளில் பொழுது சாய்ந்தபின் ஓட்ட வேண்டாம். கங்காருக்கள் மேயவும் சாலையைக் கடக்கவும் வரும் நேரம் அதுதான். இருட்டில் இடித்தால் காப்பீடு கிடையாது என்று நாட்டின் உள்பகுதிக்கான கார் வாடகை ஒப்பந்தங்கள் சிலவற்றில் பொடி எழுத்தில் இருக்கும். உள்பகுதியில் 'ரோடு டிரெயின்' என்ற சரக்கு லாரிகள் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும். அவற்றை முந்துவதை மறந்துவிடுங்கள்.

நகரத்துக்குள் கவலையே இல்லை. சிட்னியில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் வங்கி அட்டையைக் கருவியில் தொட்டாலே போதும். விமான நிலைய ரயில் நிலையத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. மெல்போர்ன் நகர மையத்தில் டிராம் இலவசம். பிரிஸ்பேனில் 2024 ஆகஸ்டிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் 50 சென்ட்தான்.

டிக்கெட் போடச் சொல்லும்போது பிள்ளைகள் வீட்டின் முழு முகவரியை, பகுதிப் பெயரும் அஞ்சல் எண்ணுமாக அனுப்புங்கள். "சிட்னிதான்" என்று சொல்லாதீர்கள். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருப்பவர்களும் சிட்னி என்றுதான் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
திருச்சி.