செயலாளர் ஆண்டறிக்கை: எழுதி வைக்காத இசைக்கு ஒரு மேல்மாடி

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், ஆயுட்கால உறுப்பினர்கள், இளைஞர் பிரிவினர் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த செயலாண்டில் செயலவை முறைப்படி கூடியது. கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வீணை, வயலின், மிருதங்க வகுப்புகள் தடையில்லாமல் நடந்தன. நவராத்திரிக் கச்சேரிகளுக்கும் நல்ல கூட்டம். சந்தா நிலுவை உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் உதவியாக இருக்கும். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போய்ச் சேர வேண்டும். வழக்கமான பணிகளைப் பற்றி இவ்வளவு போதும். இந்த ஆண்டு நம் சங்கத்தில் புதிதாக வேர்பிடித்த ஒன்றைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பக்கத்தில் நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் கடைவீட்டு மேல்மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை இரவு திறந்த அமர்வு நடக்கிறது. ராகம், தாளம், பாட்டு எதுவும் முன்கூட்டிப் பேசி வைப்பதில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேட்டு, அந்த நேரத்தில் பிறப்பதை வாசிக்கிறார்கள். இதைத் தொடங்கியவர் இளைஞர் பிரிவைச் சேர்ந்த, உருமி மேளம் வாசிக்கும் தம்பி. தன் பெயர் அறிக்கையில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அப்படியே குறிப்பிடுகிறேன். பத்துமலையில் காவடிகளுக்கு வாசித்து வளர்ந்த கை அவருடையது.

கோலாலம்பூரில் இந்த இசைக்கு ஏற்கெனவே ஒரு வட்டம் உண்டு. சாக்சபோன் வாசிக்கும் யோங் யான்ட்சன், குரலையே கருவியாக்கும் கோக் சியூ வாய் போன்றவர்கள் பல ஆண்டு உழைத்து உருவாக்கியது அது. 2010இல் தொடங்கிய கேஎல்இஎக்ஸ் விழா பரிசோதனைத் திரைப்படங்களோடு இந்த இசைக்கும் மேடை தந்தது. நம் தம்பி அந்த வட்டத்து நிகழ்ச்சிகளுக்குக் கேட்கப் போனவர், அப்புறம் வாசிக்கவும் போனார். அங்கே போய்வரும் தமிழர்கள் குறைவு என்ற வருத்தத்தில்தான் நம் மேல்மாடியைக் கேட்டார்.

நமக்கு இது அந்நியம் என்று சிலர் நினைக்கலாம். லண்டனில் 1965இல் தொடங்கிய ஏஎம்எம் குழு, அங்கே கிதாரை மேசைமேல் கிடத்தி வாசித்த கீத் ரோ என்று இதன் மேலைநாட்டு வரலாறு போகிறது. ஆனால் அதே வழியில் வந்த கிதார் கலைஞர் டெரெக் பெய்லி, இப்படி முன்திட்டமில்லாமல் வாசிக்கும் இசையைப் பற்றி 1980இல் எழுதிய நூலை இந்திய இசையிலிருந்துதான் தொடங்கினார். ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனையும், ஒரே பாட்டு வரியைப் பலவிதமாக மாற்றிப் பாடும் நிரவலும் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இதன் பாதி வழி தெரியும். மீதிப் பாதிதான் கடினம். நிரவலில் சாகித்திய வரி கைகொடுக்கும், தாளம் தாங்கும். இங்கே இரண்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எழுப்பும் ஒலி ஒன்றே ஆதாரம்.

தொடக்கத்தில் செயலவையில் ஓர் எதிர்ப்பு வந்தது, அதைப் பதிவுசெய்வது என் கடமை. உருமி சாமிக் கருவி, அதைக் கண்ட சத்தத்தோடும் சேர்க்கலாமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தம்பி பணிவாகச் சொன்ன பதில்: "ஐயா, அருள் வரவழைக்கிற அடி எதையும் நான் இங்கே எடுக்கமாட்டேன். அது கோயிலுக்கு உரியது. தோலும் குச்சியும் மட்டும்தான் இங்கே வருகிறது." அந்த வாக்கை அவர் ஒருமுறைகூட மீறவில்லை. எதை வாசிக்கக்கூடாது என்று தெளிவாகத் தெரிந்திருப்பதே அவர் வாசிப்புக்கு வலு என்று நான் கருதுகிறேன். கேள்வி கேட்ட ஐயா இப்போது அமர்வுக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறார்.

தீபாவளிக்குப் பிந்திய அமர்வை மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். சீன நண்பர் ஒருவர் டெனர் சாக்சபோன். இன்னொருவர் சின்ன மிக்சர் ஒன்றின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே செருகி, அது தானாக ஊளையிடுவதைத் திருகுகளால் அடக்கிக்கொண்டிருந்தார். தம்பி நெடுநேரம் உருமியைத் தட்டவே இல்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி, மிக மெதுவாக, ஒரே திசையில் இழுத்தார். அந்த முனகல் மேலே ஏறி, மிக்சரின் ஊளையோடு சுருதி சேரப்போகும் இடத்தில் நின்றது. இரண்டு ஒலியும் நெருங்கி உரசும்போது காற்றில் ஓர் அதிர்வு துடித்தது. அந்த நேரம் வெளியே மோனோரயில் கடந்தது. மூவரும் கையை எடுத்துவிட்டு அது போகும்வரை காத்திருந்தார்கள். பிறகு சாக்சபோன்காரர் ஊதாமல் விசைகளை மட்டும் தட்ட, தம்பி மறுபக்கத் தோலை விரல்நுனியால் தொட்டுப் பதில் சொன்னார்.

நம் மிருதங்க ஆசிரியரும் பின்னர் சேர்ந்தார். கச்சேரியில் தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்பை, அதாவது இரண்டு லயக் கலைஞர்கள் மாறி மாறி வாசித்துக்கொண்டே சொற்கட்டுகளைச் சுருக்கிக்கொண்டு போவதை, தாளமே இல்லாமல் செய்து பார்க்கலாம் என்றவர் அவர்தான். மிருதங்கமும் உருமியும் ஒரு தட்டு, ஓர் உரசல் என்கிற அளவுக்குச் சுருங்கியபோது அறையில் யாரும் அசையவில்லை.

இதெல்லாம் போகிறபோக்கில் நடப்பதில்லை. மேல்மாடிக் குளிர்சாதனத்தில் தோல் காய்ந்து இறுகும், மழை நாளில் தளரும். அதற்காகத் தம்பி இரண்டு மணி நேரம் முன்பே வந்து கருவியை அறைக்குப் பழக்குகிறார். ஒவ்வொரு அமர்வையும் இரண்டு மைக்கில் பதிவுசெய்கிறார். சாக்சபோன் திடீரென்று உயர்ந்தால் பதிவு கிழியாமலிருக்க, உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல்லை, அதாவது பதிவுக் கருவியின் எல்லைக்கு 12 டெசிபெல் கீழான அளவை, தாண்டாதபடி வைக்கிறார். மறுநாள் முழுவதையும் கேட்டு, தான் அவசரப்பட்ட இடங்களைக் குறித்துக்கொள்கிறார். இந்த உழைப்பு மேடையில் தெரியாது என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கான பட்டறையும் நடந்தது. மேசை, தண்ணீர்ப் போத்தல், கொட்டாங்குச்சி என்று கிடைத்ததே கருவி. இன்னொருவர் நிறுத்தினால்தான் நீ தொடங்கலாம் என்பதே விதி. பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து சன்மானம். வாசலில் வசூலாகும் தொகையைக் கலைஞர்கள் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது என்று செயலவை முடிவெடுத்தது. பொன்னாடைக்கும் மாலைக்கும் ஒதுக்கிவந்த பணமும் இந்த ஆண்டு முதல் அதில் சேர்கிறது. சிலருக்கு மனக்குறை இருக்கலாம், புரிகிறது. ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் வருகிறவருக்குப் பெட்ரோல் காசாவது மிஞ்ச வேண்டும். பாராட்டு வேறு, கூலி வேறு. நாம் வெகுகாலம் முன்னதை மட்டுமே கொடுத்துவந்தோம்.

வரும் ஆண்டில் தமிழகத்திலிருந்து ஒரு நாதஸ்வரக் கலைஞரை அமர்வுக்கு அழைக்க எண்ணம். வெளிநாட்டுக் கலைஞரை மேடையேற்ற பஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி தேவை; ஆகவே விண்ணப்ப வேலையைக் கவனிக்க ஒருவர் முன்வர வேண்டுகிறேன். பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கிச் சங்க நூலகத்தில் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். அமர்வு விவரங்கள் புலனக் குழுவில் வரும்.

மேல்மாடி வாடகையை உயர்த்தாத கட்டட உரிமையாளருக்கும், அமர்வு முடிந்து நாற்காலி அடுக்கும் இளைஞர் பிரிவுக்கும் செயலவையின் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ள யாராவது முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்