இரண்டு கயிறு, ஒரு வலை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ கேட்ட அம்பாப் பாட்டை, கரைவலை இழுக்கிறவர்கள் பாடுகிற அந்தப் பாட்டை, தம்பி கூகிள் டிரைவில் ஏற்றியிருக்கிறான். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சத்தம் நசிந்துபோகுமாம். அதில் இரண்டு பதிவுகள் இருக்கும். ஏன் இரண்டு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன கிழமை கதைத்தபோது, லப்டொப்பையே வாத்தியமாக வாசிக்கிற உங்கள் பல்கலைக்கழக லப்டொப் குழுவில் எல்லாருடைய கணினியையும் ஒரே தாளக் கடிகாரத்தில் பூட்டிவிட்டோம், பிசிறே இல்லை, ஆனாலும் உயிரில்லை என்றாய். கணினிகளுக்கிடையே ஒலி போவதில்லை, 'இப்போது இந்த அடி' என்ற சிறு செய்திதான் போகிறது என்றும் விளக்கினாய். அதையே யோசித்துக்கொண்டு நிலாவெளிக்குப் போனேன்.

இப்போது கடல் அடங்கிய காலம். கரையோரத்து மீன்பிடி வாடிகள் பலவற்றில் ட்ராக்டர்தான் வலை இழுக்கிறது. அங்கே பாட்டும் நின்றுபோயிற்று. ஆட்கள் இழுக்கிற ஒரு வாடியைத் தேடிப் பிடித்தேன். வலையைக் கடலில் வளைத்து விட்டபின் அதன் இரண்டு கயிற்றின் முனைகளும் கரையில் எட்ட எட்ட நிற்கும். முனைக்கு ஒரு கூட்டம். அதனால்தான் இரண்டு பதிவு. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். குதிக்காலை மணலில் புதைத்து, அடி விழுகிற இடத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்க்கிறார்கள். சத்தம் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருந்தால், அந்தப் பக்கத்துக் குரல் இந்தப் பக்கம் வர ஒரு செக்கன் பிந்திவிடும். ஒன்றாகப் பாடவே முடியாது. அவரவர் தாளம் அவரவருக்கு. வலை கிட்ட வர வர இரண்டு கூட்டமும் நெருங்கும். ஒரு பக்கம் கொஞ்சம் பொறுக்கும், மறுபக்கம் எட்டிப்பிடிக்கும். மீன் சேர்கிற வலையின் மடி கரைக்கு வரும்போது ஒரே பாட்டு. நின்று கையசைத்து நடத்த ஒருவரும் இல்லை.

பிள்ளை, இதைச் செய்து பாருங்கள். பாதிப்பேருக்கு ஒரு கடிகாரம், மீதிப்பேருக்கு இன்னொன்று. மண்டபத்தின் இரண்டு ஓரத்திலும் பிரிந்து இருங்கள். முடிவு கிட்ட வரும்போது இரண்டு கடிகாரத்தையும் கழற்றிவிட்டுக் காதால் சேருங்கள். ஒரு தரம் சறுக்கும், பரவாயில்லை.

ஸ்பீக்கர் விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதே. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய லப்டொப் குழுவில் ஒவ்வொருவர் பக்கத்திலும் அரைக்கோள ஸ்பீக்கர் ஒன்று வைத்தார்கள் என்று நீதானே சொன்னாய். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2008இல் அதையே ஐகியா கடைச் சலட் கிண்ணத்தில் செய்தார்களாம். வாசிக்கிற ஆள் இருக்கிற இடத்திலிருந்தே சத்தம் வரவேண்டும் என்ற அந்த யோசனை மிகச் சரி. எல்லாவற்றையும் கலந்து மேடையோரத்துப் பெரிய ஸ்பீக்கர்களில் விட்டால், பக்கத்தில் இருக்கிற பிள்ளை என்ன செய்கிறது என்றே உனக்குக் கேளாது. அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படிப்புக்கு நடுவில் இது எதற்கு என்று சித்தி கேட்கிறா. நான் விடச் சொல்லமாட்டேன். மற்றவனுக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகுகிற படிப்பு வேறெந்த வகுப்பில் கிடைக்கும்?

இன்னொன்று. பாடியவர்களிடம் கேட்டுத்தான் பதிந்தேன். பெயர் வேண்டாமாம், நிகழ்ச்சித் தாளில் 'நிலாவெளிக் கரைவலைக்காரர்' என்று போட்டால் போதுமாம். மறக்காமல் போடு. சொற்களைத் துண்டு துண்டாக வெட்டாதே. மூச்சையும் காலடியையும் வேண்டியமட்டும் எடுத்துக்கொள்.

கச்சேரி எந்த நாள் என்று நேரத்தோடு சொல். இங்கே விடியற்காலை ஆனாலும் அம்மாவும் நானும் எழும்பியிருந்து பார்ப்போம். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்கு.

அன்புடன்,
அப்பா